வீட்டு வரியில் விளையாட்டுக்கும் ஒரு பங்கு

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம், தனக்குச் சொந்தமான ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியார் நிர்வாகத்தில் விடுவதென்றும், அங்கே விளையாட வருகிறவர்களிடம் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வீதம் கட்டணம் வசூலிப்பதென்றும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. செய்தி பரவியதும் பல தரப்பிலிருந்தும் கடுமையான ஆட்சேபம் கிளம்பிற்று. மறுநாளே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.

மணிக்கு 120 ரூபாய் என்பது வசதியுள்ளவர் கண்ணுக்கு அற்பத் தொகையாகத் தோன்றலாம். நாள்தோறும் ஒரு மணி நேரம் பந்தாடுகிற பையனுக்கு அது மாதம் 3,600 ரூபாய் ஆகும்; அவனுடைய தாயாருக்கு மகளிர் உரிமைத் தொகையாக அரசு மாதந்தோறும் அளிப்பது 1,000 ரூபாய். குடும்பச் செலவுக்கு உதவட்டும் என்று அரசாங்கம் ஒரு கையால் கொடுக்கும் தொகையைப்போல் மூன்றரை மடங்குக்கும் அதிகமானதை, அந்த வீட்டுப் பிள்ளை ஓடி ஆடுவதற்காக நகராண்மை இன்னொரு கையால் கேட்பது எந்த தர்மத்துக்கும் பொருந்தாது என்பதை மன்றமே ஒரே நாளில் உணர்ந்துகொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் தீர்மானம் போயிற்றே தவிர, அதைப் பிறப்பித்த சங்கடம் போகவில்லை. செயற்கைப் புல்லை அடிக்கடி வாரிவிட வேண்டும், கிழிந்த இடத்தை ஒட்ட வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுவதையுமே மாற்ற வேண்டும். இரவு விளக்குக்கு மின்கட்டணம் உண்டு. கதவைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். திடல் போடுவதற்குப் பணம் தேடித் தரும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. போட்ட திடலை இருபது ஆண்டு காலம் உயிரோடு வைத்திருப்பதற்கு நிரந்தரமான வருமானம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மட்டும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் விடை இல்லை.

அந்த விடையை நம்முடைய முன்னோர் வேறொரு துறையில் ஏற்கெனவே கண்டறிந்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இக்கட்டுரையாளன் சொல்ல விரும்பும் விஷயம்.

1948ஆம் ஆண்டில், டி.எஸ். அவிநாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், சீர்காழியில் பிறந்த நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகளாக இடைவிடாது வலியுறுத்தி வந்ததன் பலனாக, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் ஜீவநாடி நூலக வரி. வீட்டு வரி செலுத்தும் ஒவ்வொருவரும், அவர் புத்தகம் படிப்பவராயினும் படிக்காதவராயினும், வரியோடு சேர்த்து ஒரு சிறு பங்கை நூலகத்துக்கென்று கொடுத்துவிடுகிறார். இன்று அது ரூபாய்க்குப் 10 காசு. மந்திரி சபைகள் மாறின, கஜானா நிறைந்த காலமும் வறண்ட காலமும் வந்து போயின. ஆனால் அந்தச் சிறு பங்கு, யாருடைய தயவையும் எதிர்பாராமல், சொத்து வரி ரசீதில் ஒரு தனி வரியாக வந்துகொண்டே இருந்தது. இன்று தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் கிளை நூலகம் ஒன்றும், அதில் தினசரிகளைப் புரட்டும் நாலு பேரும் இருப்பதற்கு அதுவே ஆதாரம். அறிவுக்கு வீட்டு வரியில் பங்கு கொடுத்த சமுதாயம் உடலுக்கும் உற்சாகத்துக்கும் அதேபோல் ஒரு பங்கைக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? அவிநாசிலிங்கம் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்த்த ராமகிருஷ்ண வித்யாலயத்திலே உடற்கல்விக்கென்று ஒரு கல்லூரியும் நடைபெற்று வருவதை எண்ணிப் பார்க்கையில், படிப்பும் விளையாட்டும் ஒரே தோட்டத்துப் பயிர்கள் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இயல்பாகவே இருந்தது என்று தோன்றுகிறது.

சட்டத்தின் பலம் நமக்கு இல்லாமல் இல்லை. குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. விளையாட்டு, அரசியல் சட்டப்படி மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கூடம் என்றால் அதற்கு விளையாட்டு மைதானம் இருந்தே தீர வேண்டும் என்று விதிக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் நம் மாநிலத்தில் உண்டு. 10,000 சதுர மீட்டர் வரையில் நிலத்துக்குப் பதிலாகப் பணத்தைக் கட்டிவிடலாம் என்ற சலுகையால், சிறிய மனைப்பிரிவுகள் நெருங்கிய பகுதிகளில் ஒரு பிடி வெளியும் மிஞ்சாமல் போவது அந்த விதியின் பெருங்குறை. பணம் கஜானாவுக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் தெருவிலேயே நிற்கிறார்கள். பூங்காவுக்கென்று குறிக்கப்பட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதைச் செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் பெங்களூரு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது, இத்தகைய வெளிகளுக்காகப் போராடுகிற ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய தீர்ப்பு.

அரசாங்கம் செலவே செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2006 முதல் ஐந்தாண்டுக் காலம் நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டு மையமும் இடம் பெற்றிருந்தது. 2024இல், 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகைச் சாமான்கள் கொண்ட கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் 86 கோடி ரூபாய்ச் செலவில் வழங்கப்பட்டன. சட்டமன்றத் தொகுதிதோறும் 3 கோடி ரூபாயில் ஒரு சிறு விளையாட்டு அரங்கம் என்ற அறிவிப்பு நடைமுறையில் இருக்கிறது. சதுரங்கத்தில் உலகத்தை வென்று வந்த குகேஷுக்கு மாநில அரசு 5 கோடி ரூபாய் பரிசளித்தது. மத்திய அரசின் 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கேலோ இந்தியாவுக்கு மட்டும் 1,000 கோடி ரூபாய். இவற்றில் எதையும் குறை கூற மனம் வரவில்லை. ஆயினும் இவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் விளங்காமல் இராது: அடிக்கல் நாட்டும் நாளிலும் பதக்கம் வாங்கி வரும் நாளிலும் பணம் தாராளமாகப் பெருகுகிறது, அவ்விரு நாட்களுக்கும் இடையே ஒரு சிறுவனோ சிறுமியோ விளையாட வேண்டிய பத்து, பன்னிரண்டு ஆண்டுகளின் நாலாயிரத்தை ஒட்டிய சாயங்காலங்களுக்கு ஒதுக்கீடு எதுவும் இல்லை.

தென் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் நான் நேரில் கண்டதைச் சொன்னால் இது விளங்கும். அலுவலகத்தின் பின்னறையில், பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கும் பழுதாகிக் கழற்றி வைத்த தெருவிளக்குகளுக்கும் நடுவே, கிரிக்கெட் மட்டைகள் பாலித்தீன் உறை பிரியாமல் சுவரோடு சாத்தியிருந்தன. கைப்பந்து வலை வந்த மடிப்பிலேயே இருந்தது. பந்துகள் காற்று இறங்கிச் சுருங்கிக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே, இருபது அடி தூரத்தில், ஏழெட்டுப் பிள்ளைகள் தேங்காய் மட்டையைச் செதுக்கி மட்டையாக்கி, ரப்பர்ப் பந்தை அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாமான்களை ஏன் வெளியில் எடுக்கவில்லை என்று செயலரைக் கேட்டேன். நல்ல மனிதர்; தம் சொந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். “பந்து தொலைஞ்சா ஆடிட்ல யார் சார் பதில் சொல்றது?” என்றார். இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பொருள் என்றைக்கும் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பது நாற்காலிக்கும் மேசைக்கும் பொருந்தும் நியாயம். பந்தோ தேய்வதற்கும், கிணற்றில் விழுவதற்கும், முள்ளில் குத்துவதற்குமே பிறந்தது. அது தேய்ந்தால்தான் குழந்தைகள் விளையாடினார்கள் என்று பொருள். பந்தும் வலையும் இறகுப்பந்தும் சுண்ணாம்புப் பொடியும் ஆண்டுதோறும் தீர்ந்து போக வேண்டிய நுகர்பொருள்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தாலே, பல ஊராட்சிகளின் பின்னறைக் கதவுகள் திறந்துவிடும். ஒரு காசு அதிகச் செலவு கிடையாது. ஆனால் தீர்ந்ததைத் திரும்ப வாங்கவும், சாயங்காலம் நாலரை மணி முதல் ஏழு மணி வரையில் திடலில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கவும் தொடர்ந்து பணம் வேண்டும். அதற்குத்தான் நான் கேட்கும் அந்த விளையாட்டு வரி.

கவனிக்கும் ஆள் என்றதும் பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியாரின் நினைவு எழுவது இயல்பு. ஆசியாவிலேயே முதலாவதாக உடற்கல்விக்கென்று ஒரு கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ஆம் ஆண்டில் தொடங்கியது சென்னையிலேதான்; இன்றும் நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக அது நடந்து வருகிறது. நூறாண்டுப் பரம்பரையுள்ள அந்தத் தொழிலுக்கு நாம் வைத்திருக்கும் ஸ்தானம் என்ன? பி.டி. பீரியடு வந்தால் கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கிக்கொள்வதும், பத்தாம் வகுப்புக்குப் போன பிள்ளை ஆண்டு முழுவதும் மைதானத்தில் கால் வைக்காமலே தேர்வெழுதிப் போவதும், பள்ளி நுழைவாயிலில் ஒழுங்கு பார்ப்பதும் ஊர்வலத்துக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்துவதும் உடற்கல்வி ஆசிரியரின் பிரதான வேலையாகிப் போனதும் அனைவரும் அறிந்தவை. கல்வி உரிமைச் சட்டமே, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குத்தான் உடற்கல்விப் பயிற்றுநரை விதிக்கிறது, அதுவும் பகுதி நேரத்துக்கு. பள்ளி விட்டதும் மைதானத்துக்குப் பூட்டு விழுகிறது. ஊரிலேயே பெரிய வெளி, ஊர்ப் பணத்தில் வாங்கிய வெளி, குழந்தைகளுக்கு அவகாசம் கிடைக்கிற மாலையிலும் விடுமுறையிலும் பூட்டிக் கிடப்பதைப் போன்ற விரயம் வேறில்லை. தலைமையாசிரியர் பூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஏதாவது ஆனால் பொறுப்பு அவர் தலையில் விடியும். அந்தப் பொறுப்பை ஏற்க மாலை நேரத்துக்கென்று ஊதியம் பெறும் ஒருவரை உள்ளாட்சி நியமித்தால், புதிதாக நிலம் தேடாமலே ஊர்தோறும் ஒரு திடல் நமக்குக் கிடைத்துவிடும்.

இதுவரை பந்தும் திடலும் பற்றிப் பேசினோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு வேண்டியது வேறு. அதற்கு மணலும் தண்ணீரும் ஏறி இறங்க ஒரு மேடும் ஒளிந்துகொள்ள ஒரு மறைவும் போதும். நம் நகரத்துப் பூங்காக்களிலோ, பந்து விளையாடக் கூடாது என்றும் புல்தரையில் நடக்கக் கூடாது என்றும் பலகை நிற்கிறது. சறுக்குமரத்தின் தகரம் சித்திரை வெயிலில் தொட முடியாமல் கொதிக்கிறது. ஊஞ்சலில் ஒரு சங்கிலி அறுந்து மற்றொன்று மட்டும் தொங்குகிறது. பெரியவர்கள் வட்டமாக நடக்கும் பாதைக்கு ஒதுக்கிய அக்கறையில் கால் பங்கு குழந்தைக்கு ஒதுக்கப்படவில்லை.

யுத்தத்தில் சிதைந்துபோன ஆம்ஸ்டர்டாம் நகரம் 1947இல் செய்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாஜிகள் யூதக் குடும்பங்களைப் பிடித்துக்கொண்டு போனபின் ஆளில்லாது நின்ற வீடுகள், கடைசிக் குளிர்காலத்துப் பஞ்சத்தில் விறகுக்காக உத்தரமும் கதவும் பெயர்க்கப்பட்டு இடிந்து விழுந்து, வீதிகளின் நடுவே சூனியமான மனைகளாகக் கிடந்தன. நகரத்தில் உணவுப் பங்கீடு இன்னும் நீங்கவில்லை, வீடற்றோர் ஏராளம். அந்த நிலையிலும் நகராண்மையின் பொதுப்பணித் துறையில் யாக்கோபா முல்டர் என்ற பெண்மணி, முப்பது வயது நிரம்பாத ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒரு சிறு சதுக்கத்தைக் காட்டி, குழந்தைகளுக்காக ஏதாவது செய்யும்படி பணித்தார். பெர்டெல்மன்பிளைன் என்னும் அவ்விடத்தில் அவர் அமைத்தவை, அகலமான சிமெண்டு விளிம்புள்ள ஒரு மணற்குழி, அதனுள் நாலு வட்டக் கற்கள், குட்டிக்கரணம் போட மூன்று இரும்புக் கம்பிகள், சில மரங்கள், தாய்மார் உட்கார இருக்கைகள், அவ்வளவே. வேலி இல்லை. குழந்தை அதன் விளிம்பில் நடக்கலாம், உட்காரலாம், குதிக்கலாம், மணலை அள்ளி வைத்துக் கடை நடத்தலாம். இதை இப்படித்தான் விளையாட வேண்டும் என்று அந்தப் பொருள் எதுவும் கட்டளையிடவில்லை. அக்கம்பக்கத்து ஜனங்கள் அதைப் பார்த்து, எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராண்மைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். முனைகளிலும் சந்துகளிலும் இடிந்த மனைகளிலும், முப்பதாண்டுக் காலத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் அந்நகரில் தோன்றின. அவற்றில் ஒன்றுகூடப் பெரிய நிர்மாணம் அல்ல. துறை ஒன்று, பணம் தொடர்ச்சியானது, கேட்கிறவர் அந்தத் தெருவில் வசிப்பவர்: இந்த மூன்றும் சேர்ந்ததால் அது சாத்தியமாயிற்று. நமது மாநகராட்சி மண்டலம் ஒவ்வொன்றிலும் ஆக்கிரமிப்பு அகற்றியபின் குப்பை சேர்ந்து கிடக்கும் முக்கால் கிரவுண்டு, ஒரு கிரவுண்டுத் துண்டு நிலங்களை எண்ணிப் பார்க்கும்போது, அந்த வழி நமக்கு எட்டாததன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொதுத் திடல் எல்லோருக்கும் பொது என்று எழுதி வைத்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் ஆகிவிடுவதில்லை. ஊர்த் திடல் ஒன்றில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்கள் நடுவிடம் முழுவதையும் கிரிக்கெட்டுக்குப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சிறுவர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். பெண் குழந்தைகள் பத்து, பதினொரு வயது வரை தம்பியை அழைத்துக்கொண்டு வருவார்கள், அப்புறம் வரமாட்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில், உலகம் முழுவதும் ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினரும் பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். திடலில் கழிப்பறை இல்லை, விளக்கில்லை, தெரிந்த பெண் ஒருத்தி பொறுப்பாக நிற்கவில்லை என்றால், எந்தத் தாய் பதின்மூன்று வயது மகளை அனுப்புவாள்? சென்னைக் கண்ணகி நகரிலிருந்து புறப்பட்ட கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்று திரும்பியபோது நாடே கொண்டாடியது. நகரத்தின் மையத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் அப்பகுதியில், அவளோடு ஓடத் தொடங்கிய எல்லாச் சிறுமிகளும் பதக்கம் வாங்கப்போவதில்லை. அவர்களுக்கும் அந்தத் திடல் உரியது. பொதுப்பணத்தைச் செலவழிப்பதற்கு அவர்கள் விளையாடுவதே போதுமான நியாயம்.

கிராமத்தில் இன்னொரு தடையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மந்தைத் திடல் ஊர்ப் பக்கம் இருந்தால் காலனிப் பிள்ளைகள் அங்கே கபடிக் கோடு போடத் தயங்குவதும், போட்டால் தகராறு வருவதும், அந்தத் தகராறைத் தவிர்ப்பதற்கென்றே இரண்டு தனித்தனித் திடல்கள் கேட்கப்படுவதும் இன்றும் நடக்கிறது. பொதுப்பணம் செல்லும் திடலில் ஊதியம் பெறும் பொறுப்பாளர் ஒருவர் நின்று, இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே அணியில் கலந்து நிறுத்தினால், அவர் வாங்கும் சம்பளம் முழுவதற்கும் அந்த ஒரு காரியமே ஈடாகும்.

பதக்கத்தை முன்னிட்டுத்தான் செலவு செய்ய வேண்டும் என்று வாதிடுவோர் நார்வேயைப் பார்க்கட்டும். சென்னை மாநகரின் ஜனத்தொகைக்கும் குறைந்த, ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் தேசம் அது. அங்கே 1987 முதல் குழந்தைகளின் விளையாட்டு உரிமை விதிகள் நடைமுறையில் உள்ளன: பதினொரு வயதாகும் ஆண்டுக்கு முன்னால் வெற்றி தோல்விப் பட்டியல் வெளியிடலாகாது, பதின்மூன்றுக்கு முன்னால் தேசியப் பட்டப் போட்டி கிடையாது. அந்த நாடு 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்களை வென்றது. ஊர்தோறும் திடலும் கூடமும் எழுப்ப அவர்களுக்குப் பணம் அரசுக்குச் சொந்தமான பந்தய நிறுவனத்தின் லாபத்திலிருந்து வருகிறது. லாபத்தில் 64 விழுக்காடு விளையாட்டுக்கென்று ஒதுக்கப்படுகிறது. லாட்டரி எத்தனை குடும்பங்களைத் தின்றது என்பதைக் கண்ணாரக் கண்டு 2003இல் அதை அடியோடு தடை செய்த நமக்கு அந்த வருமான வழி வேண்டாம். ஒரு வருமானத்தை ஒரு காரியத்துக்கென்றே கட்டி வைக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எல். ஆட்டத்து நுழைவுச்சீட்டின் மீது 2025 செப்டம்பர் முதல் 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது; அதில் பாதி மாநிலத்துக்கு. விளையாட்டைப் பார்ப்பவர் செலுத்தும் அந்தப் பாதியிலிருந்து ஒரு பகுதி, விளையாடும் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது பொருத்தமன்றோ?

குடிநீருக்கும் சாக்கடைக்கும் பணமில்லாத ஊரில் விளையாட்டுக்கு வரியா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அளவைப் பார்த்தால் அச்சம் தீரும். நூலகத்துக்குப் பத்துக் காசு போவதுபோல் விளையாட்டுக்கு ஐந்து காசு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,000 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் தரவேண்டியது ஆண்டுக்கு 100 ரூபாய். சென்னையில் ஒரு பையன் ஒரு மணி நேரம் விளையாடக் கேட்கப்பட்ட தொகையைவிட அது குறைவு.

ஆனால் நூலக வரியின் சரித்திரத்திலிருந்து ஒரு கசப்பான பாடத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். வசூலித்த வரியை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் உள்ளாட்சிகள் பல ஆண்டுகள் பாக்கி வைத்த கதை ஊரறிந்தது. ஆகவே விளையாட்டு வரி வசூலான ஊரிலேயே, தனிக் கணக்கில், வார்டுவாரியாக இருக்க வேண்டும். அதிலிருந்து அரங்கம் கட்டக் கூடாது. நுழைவு வளைவு கட்டக் கூடாது. திறப்பு விழா நடத்தக் கூடாது. பொறுப்பாளரின் மாதச் சம்பளம், பந்து, வலை, மணல், விளக்கு, கழிப்பறைக்குத் தண்ணீர் ஆகியவற்றுக்கு மட்டுமே அது செலவாக வேண்டும். செலவுக் கணக்கைத் திடலின் வாசலிலேயே பலகையில் எழுதி வைத்தால், தணிக்கையாளரைக் காட்டிலும் நுணுக்கமாகப் பிள்ளைகளே அதைச் சரிபார்த்துவிடுவார்கள்.

இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். அது சட்டமன்றத்தின் வேலை. அதற்காகக் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியவை சில உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் விளையாட்டுத் திடல் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, சொத்துப் பதிவேட்டில் அது திடல் என்றே பதிவாகியிருக்கிறதா, சென்ற ஆண்டு அதற்காகச் செலவிட்ட தொகை எவ்வளவு, வந்த உபகரணங்கள் யார் பொறுப்பில் உள்ளன, பள்ளி மைதானத்தை மாலையில் திறக்கத் தலைமையாசிரியரோடு ஒப்பந்தம் செய்ய ஊராட்சிக்குச் சம்மதமா என்று எந்தக் குடிமகனும் அங்கே எழுந்து கேட்கலாம். கேட்டதையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி வற்புறுத்தலாம். நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் இதற்கு இடம் தருகின்றன. அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போவது நல்லது. எந்த நேரத்தில் யார் அவர்களைத் திடலிலிருந்து விரட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.